கெட்ட ராணி கேரக்டர் எழுதினா ஏன் எல்லாமே ஒரே மாதிரி வந்து நிக்குது?

பாதி எழுதின நாவல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கற்பனை ராஜ்யத்தை வச்சு தொடர் எழுதிட்டு இருக்கேன், மந்திரம் கொஞ்சம், அரண்மனை அரசியல் நிறைய. மெயின் வில்லி ராணிதான். ராஜாவோட ரெண்டாவது சம்சாரம், மூத்தவளுக்குப் பொறந்த இளவரசியை ஒழிச்சுக்கட்டிட்டு தன் பையனை சிம்மாசனத்துல உக்கார வைக்கணும்னு பாக்கறவ. இதுவரைக்கும் எழுதினதை சிலபேர்கிட்ட படிக்கக் குடுத்தேன், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்றாங்க, இந்த ராணியை ஏற்கனவே எங்கயோ பாத்திருக்கோம், கடைசில என்ன ஆவான்னு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சுன்னு.

எனக்கு உறுத்தறது என்னன்னா, அதே கதைல பக்கத்து நாட்டு ராஜா ஒருத்தன் வர்றான், ராணியை விட பத்து மடங்கு கொடூரன், ஊரையே கொளுத்தறான், அவனை ஒருத்தர் கூட பழைய அச்சுன்னு சொல்லல. அவனுக்கு ஆத்துத் தண்ணி வேணும், துறைமுகம் வேணும், அதுக்காக கெட்டது பண்றான்னு ஏத்துக்கறாங்க. ராணி பொறாமை பிடிச்சவ, அவ்ளோதான், அதோட முடிஞ்சுபோகுது அவ கதை.

அவளை நல்லவளா மாத்த எனக்கு இஷ்டம் இல்லை. சின்ன வயசுல பட்ட கஷ்டம்னு ஒரு பிளாஷ்பேக் போட்டு "ஐயோ பாவம்"னு சொல்ல வைக்கவும் வேண்டாம். கெட்டவளாவே இருக்கணும், ஆனா படிக்கறவங்களுக்கு அவ அடுத்து என்ன பண்ணுவான்னு தெரியக்கூடாது. எப்படிப் பண்ணலாம்? இந்த டைப் எங்கிருந்து ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சவங்க அதையும் சொல்லுங்க.

நூலகப்பூனை:

எங்கிருந்துன்னு கேட்டீங்க இல்லையா, அதுலயே உங்க பதிலும் பாதி இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ஸ்னோ ஒயிட் கதையை கிரிம் சகோதரர்கள் 1812ல முதல்ல அச்சடிச்சப்போ அந்த ராணி சித்தி கிடையாது, பெத்த அம்மா. பொண்ணோட நுரையீரலையும் ஈரலையும் கொண்டு வான்னு வேட்டைக்காரனை அனுப்பி, அவன் கொண்டு வந்த பன்னி ஈரலை மகளோடதுன்னு நினைச்சு உப்புப் போட்டு வேகவச்சு தின்னது பெத்தவதான். 1819ல ரெண்டாவது பதிப்புல மாத்திட்டாங்க, பெத்த அம்மா பிரசவத்துல செத்துட்டா, அப்புறம் ராஜா கட்டிக்கிட்ட சித்தி ஒருத்தி, கெட்டதெல்லாம் அவ தலைல. குழந்தைங்க படிக்கற புத்தகமாகும்போது அம்மாங்கற இடம் சுத்தமா இருக்கணும்னு ஒரு எண்ணம், அதுக்கு சித்தி வசதியா இருந்தா.

தூங்கும் அழகி கதையோட பழைய வடிவத்தைப் பாத்தீங்கன்னா இன்னும் அதிர்ச்சியா இருக்கும். 1630கள்ல நேப்பிள்ஸ்ல வெளிவந்த, பஸீலேங்கற இத்தாலிய எழுத்தாளரோட கதைத் தொகுப்புல அந்தப் பொண்ணு தூங்கிட்டு இருக்கும்போதே ஒரு ராஜா வந்து அவகூட படுத்துட்டுப் போயிடறான், அவ தூக்கத்துலயே ரெட்டைக் குழந்தை பெக்கறா. அவனுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சு. விஷயம் தெரிஞ்ச ராணி, குழந்தைங்களைக் கொன்னு சமைச்சு ராஜாவுக்கே பரிமாறச் சொல்றா (சமையல்காரன் ஆட்டுக்கறியை வச்சு ஏமாத்திடறான்), அந்தப் பொண்ணை நெருப்புல தள்ளப் பாக்கறா, கடைசில அவளையே நெருப்புல போட்டுடறாங்க. ராஜா? அவன் புதுப் பொண்டாட்டியோட சந்தோஷமா இருக்கான். இந்தக் கதைல முதல் குத்தம் யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க. 1697ல பெர்ரோ இதையே பிரெஞ்சுல எழுதும்போது ராஜாவோட பொண்டாட்டிங்கற பாத்திரத்தை எடுத்துட்டு ராஜாவோட அம்மாவை ராட்சசி ஆக்கிட்டார், பேரப்பிள்ளைங்களை சாப்பிட ஆசைப்படறவ.

பாருங்க, அம்மா, சித்தி, மூத்த தாரம், மாமியார்னு கெட்டவ யாருங்கறது ஒவ்வொரு தடவையும் மாறிட்டே இருக்கு. மாறாத ஒண்ணு, அந்த வீட்டு ஆம்பளை மேல பழி விழறதே இல்லை. ஸ்னோ ஒயிட்டோட அப்பா ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கறார், அதோட காணாமப் போயிடறார், பொண்ணு காட்டுல தொலைஞ்சதைக்கூட யாரும் அவர்கிட்ட சொன்னதா கதைல ஒரு வரி கிடையாது. 1979ல கில்பர்ட், கூபர்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியைகள் இதைப் பத்தி எழுதினாங்க, அந்த மாயக்கண்ணாடில இருந்து வர்ற குரல் ராஜாவோட குரல்தான்னு. யாரு அழகுன்னு தீர்ப்பு சொல்ற ஆள் சீன்லயே இல்லை, தீர்ப்பு மட்டும் சுவத்துல தொங்குது.

உங்க கதைல ராஜா எங்க இருக்கார்? நீங்க எழுதின இவ்வளவு பெரிய கேள்வில அவர் "ராஜாவோட ரெண்டாவது சம்சாரம்"ங்கற இடத்துல மட்டும்தான் வர்றார்.

வில்லி ரசிகை:

நான் கொஞ்சம் வேற பக்கம். கெட்ட ராணியைப் பாத்தாலே எல்லாரும் உடனே ஆராய்ச்சில இறங்கி அவளுக்கு நியாயம் தேடறது எனக்குப் பிடிக்கறதில்லை. 1959ல வந்த டிஸ்னியோட தூங்கும் அழகி படத்துல வர்ற சூனியக்காரி மெலிஃபிசென்ட், விருந்துக்குக் கூப்பிடலைங்கற ஒரே காரணத்துக்காக கைக்குழந்தைக்கு சாபம் குடுப்பா, அந்தத் திமிருதான் அவளை இத்தனை வருஷம் நினைவுல வச்சிருக்கு. 2014ல அவளுக்குன்னு தனிப்படம் எடுத்து றெக்கையை வெட்டின காதலன், துரோகம், வலின்னு காரணம் வச்சாங்க, படம் பாக்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் வர்ற எல்லா வில்லிக்கும் ஒரு காயம் கட்டாயம்னு ஆயிடுச்சு. ஆம்பளை வில்லன் பேராசைக்காரனா இருந்தா போதும், பொம்பளை வில்லி யாராலயோ புண்பட்டிருக்கணும், இல்லைன்னா நம்ப மாட்டோம். இது பழைய அச்சை விட மோசமான அச்சு. நீங்க பிளாஷ்பேக் வேண்டாம்னு முடிவு பண்ணது ரொம்ப சரி, அதுல உறுதியா இருங்க.

நம்ம பக்கத்துல நீலாம்பரியை எடுத்துக்கோங்க. 1999ல வந்த படையப்பா. ராணி கிடையாதுதான், ஆனா அந்த உக்கார்ற தோரணை, அந்தப் பார்வை எல்லாமே ராணிதான். கடைசி வரைக்கும் மனசு மாற மாட்டா, எதிரி போட்ட பிச்சைல உயிர் வாழ மாட்டேன்னு தன்னையே சுட்டுக்குவா. எனக்கு அதுல எந்தக் குறையும் தெரியல. குறை அவளுக்கு எதிர்ல வச்சிருக்கற ஆள்ல இருக்கு. அடக்கமா, குனிஞ்ச தலை நிமிராம, தனக்கு என்ன வேணும்னே சொல்லத் தெரியாத ஒரு பொண்ணை நல்லவள்னு காட்டி, அவளை அளவுகோலா வச்சு இவளை அளக்கறாங்க பாருங்க, அங்கதான் ஸ்டீரியோடைப் பொறக்குது. ஆசைப்படற பொம்பளை கெட்டவ, ஆசையே இல்லாதவ நல்லவன்னு ஆயிடுது.

கல்கி இதை 1950கள்லயே தாண்டிட்டார்ங்க. நந்தினி எதிர்ல அவர் நிறுத்தினது குந்தவையை. ரெண்டு பேரும் அரசியல் பண்றாங்க, ரெண்டு பேருக்கும் ஒற்றர் இருக்கு, ரெண்டு பேருமே அடுத்தவ மனசுல என்ன ஓடுதுன்னு கணக்குப் போட்டுட்டே சிரிச்சுப் பேசறாங்க. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கற இடங்கள்ல நம்ம மூச்சு நின்னுபோறது அதனாலதான். உங்க இளவரசிக்கு என்ன வேணும்? அவளுக்கும் சிம்மாசனம் வேணும்னு வைங்க, வெளிப்படையா வேணும்னு வைங்க. ராணியை அப்படியே விட்டுடுங்க, தொடவே வேண்டாம்.

செய்யுள்தாசன்:

நூலகப்பூனை ஐயா ராஜாவைப் பத்திக் கேட்ட கேள்விதான் இதுல உயிர்நாடி, அதைக் கைகேயி வழியா சொல்லலாம்னு தோணுது.

கைகேயின்னா நமக்கு உடனே ரெண்டு வரம், கோபம், அழுகை, அவ்ளோதான் ஞாபகம் வரும். ஆனா மூலத்துல போய்ப் பாருங்க. ராமனுக்குப் பட்டாபிஷேகம்னு மந்தரை சொன்னதும் கைகேயி சந்தோஷத்துல நகையைக் கழட்டிக் குடுக்கறா, கம்பர்லயும் மாலை குடுக்கறா. அந்த ரெண்டு வரமும் யாரும் தானமா போட்டது கிடையாது, போர்க்களத்துல தசரதன் உயிரைக் காப்பாத்தி சம்பாதிச்சது. அப்புறம் மந்தரை பேசறா. என்ன பேசறா? அழகைப் பத்தியா? இல்லவே இல்லை. ராமன் ராஜா ஆனா கௌசல்யா ராஜமாதா ஆயிடுவா, நீ அவ முன்னாடி கைகட்டி நிக்கணும், உன் பையனும் அவன் வம்சமும் அரச வரிசைல இருந்தே வெளிய போயிடுவாங்க. சுத்தமான வாரிசுக் கணக்கு.

இப்ப தசரதன் பக்கம். பரதன் மாமா வீட்டுக்குப் போயிருக்கற நேரம் பாத்து பட்டாபிஷேகம் வைக்கறார், அவன் வர்றதுக்குள்ள முடிச்சுடறது நல்லதுன்னு வால்மீகில ராமன்கிட்ட வாய்விட்டே சொல்றார். இன்னொண்ணு, சித்திரகூடத்துல ராமனே பரதன்கிட்ட சொல்வான், உங்க அம்மாவைக் கட்டும்போது அவளுக்குப் பொறக்கற பிள்ளைக்குத்தான் ராஜ்யம்னு அப்பா உங்க தாத்தாவுக்கு வாக்குக் குடுத்தார்னு. வாக்குக் குடுத்தவர் ஒருத்தர், அதை மறைச்சவரும் அவரே, ஆனா தலைமுறை தலைமுறையா திட்டு வாங்கறது கைகேயி. நான் அவ பண்ணது சரின்னு சொல்ல வரல, பதினாலு வருஷம் ஒரு பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பறது கொடுமைதான். தசரதனை சீனுக்குள்ள நிறுத்தினதும் அவ கொடுமைக்கு ஒரு கனம் வந்துடுது பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

கதை சொன்னவங்களுக்கே அவளை வெறும் கெட்டவளா விட மனசு வரல. கம்பர் அவளோட தூய மனசு திரிஞ்சதுக்கு தேவர்களோட மாயையையும் அரக்கர் செஞ்ச பாவத்தையும் காரணமா சொல்வார். பாசன்ங்கற சமஸ்கிருத நாடகாசிரியரோட பிரதிமா நாடகத்துல, பதினாலு நாள்னு சொல்ல வந்தவ வாய் தவறி பதினாலு வருஷம்னு சொல்லிட்டான்னு வரும்.

துருவன் கதைலயும் இதே அமைப்புதான். சித்தி சுருசி அந்தக் குழந்தையைப் பாத்து நீ இந்த மடில உக்கார உனக்குத் தகுதி இல்லைன்னு சொல்றா, எல்லாரும் சுருசியைத் திட்டறோம், அந்த மடிக்குச் சொந்தக்காரர், அப்பா உத்தானபாதர், வாயே திறக்காம உக்காந்திருக்கார். நல்லதங்காள் கதைல அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தி பச்சை வாழைமட்டையை எரிக்கக் குடுக்கும்போது அண்ணன்காரன் வேட்டைக்குப் போயிருக்கான். ஆம்பளை ஒண்ணு மயக்கம் போட்டிருப்பான், இல்லை மௌனமா இருப்பான், இல்லை ஊர்ல இருக்க மாட்டான். இந்த மூணுல ஒண்ணு இல்லாம கெட்ட ராணி கதையே நகர மாட்டேங்குது.

எழுத உக்காரும்போது நான் கேக்கற ஒரே கேள்வி இதுதான், ராஜா செத்த மறுநாள் காலைல இவளுக்கு என்ன ஆகும்? துருக்கி சுல்தான்களோட ஒட்டோமான் அரண்மனையை நினைச்சுப் பாருங்க. சுல்தான் ஆனவன் தன் சகோதரங்களைக் கொல்றது அங்க நடைமுறைல இருந்துச்சு, 1595ல மூணாம் மெஹ்மத் பட்டத்துக்கு வந்ததும் 19 சகோதரங்களைக் கொன்னார். அதுக்கு முந்தி சுல்தான் சுலைமானோட மனைவி ஹுர்ரம், மூத்தவளோட பையன் முஸ்தஃபா சுல்தான் ஆனா தன் பிள்ளைங்க கழுத்துல கயிறு விழும்னு அவளுக்குத் தெரியும். 1553ல முஸ்தஃபாவை அப்பாவோட கூடாரத்துக்குள்ள வச்சே கழுத்தை நெரிச்சுக் கொன்னாங்க, உத்தரவு போட்டது சுலைமான், சூழ்ச்சிக்காரின்னு பேர் வாங்கினது ஹுர்ரம். அந்த வீட்டுல பொறாமைங்கற வார்த்தைக்கே இடம் இல்லை, அங்க ஓடறது பயம்.

கல்வெட்டு:

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா இப்படியே போனா கடைசில எல்லா ராணியும் பாவம், எல்லாப் பழியும் ஆம்பளைங்க கட்டிவிட்டதுன்னு வந்து நிக்கும், அது கேட்டவருக்கு உதவாது, அவருக்கு நிஜமாவே கெட்ட ஒருத்தி வேணும். அப்படி ஒருத்தி சரித்திரத்துலயே இருக்கா.

பைசாண்டியத்துல, அதாவது கிழக்கு ரோமப் பேரரசுல, ஐரீன். புருஷன் 780ல செத்தார், பையன் சின்னப்பிள்ளை, அவன் பேர்ல இவ ஆட்சி நடத்தறா. 787ல நிகேயாவுல பெரிய திருச்சபைக் கூட்டம் கூட்டி, தடை பண்ணியிருந்த புனிதப் படங்களைத் திரும்ப வழிபாட்டுக்குக் கொண்டு வந்தா. பையன் வளர்ந்து அதிகாரம் கேக்க ஆரம்பிச்சான், இழுபறி வருஷக்கணக்கா நடந்துச்சு. 797ல அவனைப் பிடிச்சு கண்ணைக் குருடாக்க வச்சா. எங்க வச்சுன்னா, அரண்மனைல ராஜவம்சக் குழந்தைங்க பொறக்கறதுக்குன்னே இருந்த அறைல, அவனை இவ பெத்த அதே அறைல. அதுக்கப்புறம் 802 வரைக்கும் தனியா ஆண்டா. தலைநகரத்து ஜனங்களுக்கு வரியைக் குறைச்சா. படங்களை மீட்டுக் குடுத்தவன்னு கிழக்குத் திருச்சபைல அவளுக்கு மரியாதை இருக்கு.

இதுல கண்ணாடி இல்லை, விஷம் இல்லை, மூத்தாள் பொண்ணு இல்லை, பின்னாடி ஒளிஞ்சுக்க ஒரு ராஜாவும் இல்லை. அவளுக்கு ஆளணும், ஆளத் தெரியும், குறுக்க வந்தது பெத்த பிள்ளை. நல்லது பண்ணதும் கண்ணைப் பிடுங்கினதும் ஒரே மனசு, ஒரே காரணம். அந்த மாதிரி ஒருத்தியைப் படிச்சா நமக்கு ஒரு பக்கம் சாய முடியாது. உங்க ராணி நல்லா ஆள்றவளா இருக்கட்டும். கொலையை விட அதுதான் வாசகரைத் தடுமாற வைக்கும்.

பாதி எழுதின நாவல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. நூலகப்பூனை கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன், என் ராஜா முதல் அத்தியாயத்துல இருந்தே படுத்த படுக்கை. பேச்சு இல்லை, நினைவு வந்து வந்து போகும். ராணி அவர் கையை எடுத்து, விரல்ல இருக்கற முத்திரை மோதிரத்தை மெழுகுல அழுத்தி ஓலை அனுப்பறான்னு ஒரு சீன் ஏற்கனவே இருக்கு. செய்யுள்தாசன் சொன்ன மூணு வகைல ரெண்டு என் ஆள்கிட்டயே இருக்கு.

யோசிக்கறது இதுதான், அவரை எழுப்பி உக்கார வைக்கட்டுமா, இல்லை கல்வெட்டு சொன்ன மாதிரி அவரை முதல்லயே சாகடிச்சுட்டு ராணியை நேரடியா ஆட்சில உக்கார வைக்கட்டுமா? இளவரசிக்கும் சிம்மாசனம் வேணும்ங்கறது முடிவாயிடுச்சு, அதுல மாத்தம் இல்லை.

செய்யுள்தாசன்:

சாகடிக்க வேண்டாம். அந்த மோதிர சீன் அருமையா இருக்கு, அதை விட்டுடாதீங்க. ஆனா அந்த நேரத்துல ராஜாவுக்கு நினைவு இருக்கட்டும். அவள் கையைப் பிடிச்சு அழுத்தும்போது அவர் விரலை இழுத்துக்க முடியும், ஆனா இழுத்துக்கல. ஓலைல என்ன எழுதியிருக்குன்னு அவருக்குத் தெரியும், படிச்சுக் காட்டித்தான் அழுத்தறா. அவருக்கும் அந்த முடிவுதான் வேணும், ஆனா தன் பேர்ல வரக்கூடாது. இதை ராணி புரிஞ்சுக்கறா, புரிஞ்சுக்கிட்டும் ஓலையை அனுப்பறா. அவ கெட்டவதான், ஆனா தனியா கெட்டவ இல்லை.

வில்லி ரசிகை:

செய்யுள்தாசன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. அந்த சீனை கதவுக்கு வெளிய நின்னு இளவரசி பாக்கட்டும், பாத்துட்டு அப்பா விரலை இழுத்துக்கலைங்கறதை அவளும் கவனிக்கட்டும். அப்போ அவ ராணியை மட்டும் எதிர்த்தா போதாது. அவ ஓடிப்போய் காட்டுல ஒளிஞ்சுக்கற கதையே அதோட மாறிடும், யாரும் வந்து முத்தம் குடுத்து எழுப்பற வரைக்கும் படுத்துக் கிடக்க அவளுக்கு நேரம் இருக்காது.

கல்வெட்டு:

இது நல்லா வருது. ஒண்ணே ஒண்ணு, அந்த ஓலைல என்ன உத்தரவுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. இளவரசியைக் கொல்லச் சொல்ற ஓலையா இருந்தா மறுபடி பழைய இடத்துக்கே வந்துடுவீங்க. பஞ்ச காலத்துல எல்லை ஊர்களுக்கு தானியம் அனுப்பறதை நிறுத்தி தலைநகரத்தைக் காப்பாத்தற உத்தரவா இருக்கட்டும், அந்த எல்லை ஊர்கள் இளவரசியோட தாய்வழிச் சொந்தக்காரங்க பக்கமா இருக்கட்டும். அவ கணக்குல பாதி நிர்வாகம், பாதி பகை, எது எவ்வளவுன்னு அவளுக்கே பிரிக்கத் தெரியாது. பக்கத்து நாட்டு ராஜா கொளுத்தறதும் அதே ஊர்களைத்தான்னா ரெண்டு வில்லத்தனமும் ஒரே இடத்துல வந்து முட்டும்.

பாதி எழுதின நாவல்:

கொளுத்தற ஊர் ஏற்கனவே எல்லைலதான் இருக்கு, தானிய உத்தரவை அங்க கொண்டு வர்றது பெரிய வேலை இல்லை. கண்ணாடி முன்னாடி உக்காந்து நகை போட்டுக்கற சீனைத் தூக்கிட்டேன், அந்த இடத்துல அவளும் களஞ்சியக் கணக்கனும் விடிய விடிய மூட்டை எண்ணிட்டு உக்காந்திருக்காங்க. முதல் மூணு அத்தியாயத்தையும் திருத்தி முடிச்சதும் இங்கயே போடறேன், தயவுபண்ணி எல்லாரும் படிச்சுட்டு சொல்லுங்க, முக்கியமா ராஜா விரல் விஷயம் தெளிவா வருதான்னு.